குதிரைமசாலின் வேரைக் கிள்ளிப் பார்த்தபோது

கோவைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் குதிரைமசால் என்னும் பசுந்தீவனப் பயிரைப் பற்றிப் பேச்செடுத்தால், அது காற்றிலிருந்தே தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுத்துக்கொள்ளும், யூரியா வேண்டாம், நிலமும் வளமாகும் என்பார்கள். நிலம் வளமாகும் என்பதை அப்படியே நம்பியதில் எனக்கு இரண்டு வருடம் போயிற்று.

எங்கள் தோட்டத்தில் அதுவரை குதிரைமசால் விளைந்ததில்லை. வேரில் குடியேறிக் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம். தட்டைப்பயறுக்கு வாங்கி மிஞ்சியிருந்த ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக்கஞ்சியில் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். நாற்பதாம் நாள் பாத்தி முழுவதும் வெளிறிக் கிடந்தது. ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் அலசியபோது, அந்தப் பாக்டீரியா தங்கும் வேர்முடிச்சுகள் தேடினால் தென்படும் அளவுக்குத்தான் இருந்தன; நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை. வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது; நைட்ரஜனைப் பிடிக்கும், ஆனால் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் நைட்ரஜனேஸ் நொதியைக் காத்துக்கொண்டே, பாக்டீரியா சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அதன் வேலை. தட்டைப்பயறின் பாக்டீரியா குதிரைமசால் வேரில் குடியேறாது, அதற்குத் தனி இனம் வேண்டும். பொட்டலத்தில் பயிரின் பெயர் அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. படிக்காதது என் தவறு.

அடுத்த விதைப்பில் உரிய பொட்டலத்தைக் கலந்தேன். அடியுரத்தையும் பரிந்துரைப்படியே இட்டேன்: ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 120 கிலோ, சாம்பல்சத்து 40 கிலோ. தழைச்சத்தைக் கூட்டினால், மண்ணிலேயே கிடைக்கிறது என்று செடி முடிச்சுகளைக் கைவிட்டுவிடும்.

பயிர் கருகருவென்று வந்ததும் ஆசை மிகுந்து, பதினெட்டு நாளுக்கு ஒருமுறை அறுக்கத் தொடங்கினேன். காற்றின் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்கக் செல்லின் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன, அதற்கான சர்க்கரை இலையிலிருந்துதான் இறங்க வேண்டும். அறுத்தவுடன் நைட்ரஜன் நிலைப்படுத்தல் சரிகிறது. புது இலை விரிந்து அது பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் மீண்டும் அரிவாள் வைத்தால் வேரின் சேமிப்பு கரைந்து, நான்காவது அறுப்பில் தீவனம் பாதியாகிவிடுகிறது. 25 முதல் 30 நாள் இடைவெளிக்கு மாறிய பிறகே விளைச்சல் நிலைத்தது.

ஆனாலும் மண்பரிசோதனையில் வளம் கூடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலர்எடையில் புரதம் 20 சதவீதம் என்றால் ஒரு டன் உலர்தீவனத்தில் சுமார் 32 கிலோ தழைச்சத்து இருக்கிறது, அத்தனையும் அறுப்போடு தொழுவத்துக்குப் போகிறது. பாலில் இறங்குவது அதில் சிறு பங்குதான். பெரும்பகுதி சாணத்திலும் கோமியத்திலும் வெளியேறுகிறது. நானோ சாணத்தை டிராக்டர் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தேன், கோமியம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தொழுவத்துக் கழிவுநீரை மக்காச்சோள வயலின் வாய்க்காலில் திருப்பிவிட்டிருக்கிறேன், சாணத்தை விற்பதில்லை.