மூன்று மாத விடுதிகள்: கிளேசியர் பயணக் குறிப்புகள்

ஜூலை 9, இரவு, ரயிலில்

மாலையில் சியாட்டிலிலிருந்து புறப்பட்ட எம்பயர் பில்டர் ரயில் காஸ்கேட் மலைகளைக் கடந்து கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. மான்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு ரயிலிலேயே போய் இறங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அங்குள்ள பெரிய மர விடுதிகளை 1910களில் கட்டி, 1960இல் விற்கும்வரை உரிமையாளராக இருந்தது கிரேட் நார்தர்ன் ரயில்வே. எம்பயர் பில்டர் என்ற பெயரில் 1929இல் முதன்முதலாக ஒரு ரயிலை ஓட்டியதும் அதே நிறுவனம்தான். விடுதிக் கணக்கு எழுதியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடும் ஒரு விடுதி எப்படிக் கட்டுப்படியாகும் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாகவே இருந்து வருகிறது.

ஜூலை 10, ஈஸ்ட் கிளேசியர்

காலையில் மரையாஸ் கணவாயை ஏறிக் கடந்தோம். 5,213 அடி உயரமுள்ள இந்த வழியை 1889 டிசம்பர் குளிரில் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளர் ரயில்வேக்காக உறுதிசெய்தார். தண்டவாளம் முதலில் வந்தது, பூங்கா பின்னால் வந்தது. பூங்காவுக்கான சட்டம் கையெழுத்தானது 1910 மே மாதத்தில்தான்.

ரயிலிலிருந்து இறங்கினால் நேர் எதிரே, புல்வெளிக்கு அப்பால், 1913இல் திறந்த கிளேசியர் பார்க் லாட்ஜ் நிற்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூச்செடிகளுக்கு நடுவே நடந்தே போய்விட்டேன். முன்கூடத்துக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். பட்டை உரிக்காத டக்ளஸ் ஃபிர் மரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 40 அடி உயரத்தில், ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், கோயில் மண்டபத்துத் தூண்களைப் போல இரு வரிசையாகக் கூரையைத் தாங்கி நிற்கின்றன. இவ்வளவு பெரிய மரம் இந்த மலைச்சரிவில் வளர்வதில்லை. பசிபிக் கரைப் பக்கத்துக் காடுகளில் வெட்டி, தன் சொந்த ரயிலிலேயே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது ரயில்வே. 1905இல் போர்ட்லண்டில் நடந்த கண்காட்சியின் வனவியல் கட்டடத்தைக் கண்டு மயங்கிய ரயில்வே தலைவர் லூயிஸ் ஹில், அதைப் போலவே ஒன்று வேண்டும் என்று கேட்க, செயின்ட் பால் நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சாமுவேல் பார்ட்லெட் அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 11

லூயிஸ் ஹில்லைப் பற்றியே இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயை உருவாக்கிய ஜேம்ஸ் ஜெ. ஹில்லின் மகன் அவர். இந்தப் பூங்காவை எழுப்பும் வேலையில் இறங்குவதற்காக ரயில்வே தலைவர் பொறுப்பையே சிறிது காலம் வேறொருவரிடம் விட்டவர். ஆல்ப்ஸ் மலைக்குக் கப்பலேறிப் போகும் பணக்கார அமெரிக்கர்களைத் தன் தண்டவாளத்தின் பக்கம் திருப்புவதுதான் அவருடைய நோக்கம். 'முதலில் அமெரிக்காவைப் பாருங்கள்' என்ற முழக்கமும், விடுதிகளுக்குச் சுவிட்சர்லாந்து பாணி முகப்பும், ஒரு நாள் குதிரைச் சவாரித் தொலைவில் ஒன்றுக்கொன்று அமைந்த மலைக்குடில்களும் அதற்காகவே வந்தன. பூங்காவின் தொடக்க ஆண்டுகளில் சாலை, பாதை, கட்டடம் ஆகியவற்றுக்கு அரசாங்கத்தை விட ரயில்வே அதிகமாகச் செலவழித்தது. விடுதிப் பேரேட்டை மட்டும் பிரித்து வைத்துப் பார்த்தால் இந்தச் செலவுக்குப் பொருளே தெரியாது. நீண்ட தூர டிக்கெட் வருமானத்தையும் ஊர் ஊராகக் கிடைத்த விளம்பரத்தையும் அதே ஏட்டின் மறுபக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நேராகும். அறை வாடகை இங்கே ஒருபோதும் முதல் வரவாக இருந்ததில்லை.

இதில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் உண்டு. விடுதி நிற்கும் மண் பூங்காவுக்கு வெளியே, பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் ரயில்வே வாங்கிய மண். எதிரே தெரியும் மலைகளும் அவர்களுடையவையாக இருந்து, 1895 உடன்படிக்கையில் 15 லட்சம் டாலருக்கு அரசாங்கத்திடம் போனவைதான். அதே மக்களை ரயில் நிலையத்தில் மரபுடையுடன் நிறுத்திப் பயணிகளை வரவேற்கச் செய்தது ரயில்வே. விடுதிப் புல்வெளியில் அவர்களுடைய கூடாரங்களும் போடப்பட்டிருந்தன. வினோல்ட் ரைஸ் என்ற ஓவியர் அவர்களைத் தீட்டிய அழகான ஓவியங்கள் ரயில்வேயின் நாட்காட்டிகளாக நாடெங்கும் தொங்கின. அந்த முகங்களின் கம்பீரம் உண்மையானது. ஆனால் அவர்களுடைய சொந்த மலையைக் காட்டி டிக்கெட் விற்பதற்கு அந்த முகங்களே பயன்பட்டன என்பதை நினைக்கும்போது, இந்த மண்டபத்தின் அழகை முழு மனதோடு என்னால் பாராட்ட முடியவில்லை.

ஜூலை 13, மெனி கிளேசியர்

இங்கே வர ஐம்பது மைல் சாலைப் பயணம். பூங்காவுக்குள் ஓடும் சிவப்புப் பேருந்துகள் 1936 முதல் 1939 வரை ஒயிட் நிறுவனம் செய்தவை; மேலே உள்ள துணிக்கூரையைச் சுருட்டி வைத்துவிட்டால் மலையுச்சிகள் தலைக்கு மேலேயே வருகின்றன.

ஸ்விஃப்ட்கரன்ட் ஏரிக்கரையில் 1915 ஜூலை 4 அன்று திறந்த இந்த விடுதிக்கு, முதல் விடுதியைப் போல வெளியிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரவில்லை. அருகிலேயே மரம் அறுக்கும் ஆலை போட்டு, சுற்றியுள்ள காட்டு மரத்தையும் கல்லையும் கொண்டே பெரும்பகுதியைக் கட்டினார்கள். வேலை முடிந்த பிறகும் அந்த ஆலை அகற்றப்படாமல் ஏரியழகின் நடுவே நின்றது. தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர் பலமுறை கேட்டும் ரயில்வே தவணை சொல்லிக்கொண்டே போயிற்று. 1925 ஆகஸ்டில் நேரில் வந்தவர், விருந்தினர்கள் பார்த்திருக்கத் தம் கையாலேயே வெடி வைத்து ஆலையைத் தகர்த்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் தம் மகளின் பிறந்த நாளைக் கொண்டாடுவதாகச் சொன்னார் என்பார்கள்.

இந்த நிகழ்ச்சியை நான் மேதர் பக்கம் நின்றே படித்து வந்தேன். ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இன்று ரயில்வே தரப்பும் விளங்கியது. குளிர்காலம் முழுவதும் பனி அழுத்தும் மரக்கட்டடத்தில் ஆண்டுதோறும் எங்காவது ஒரு விட்டம் வளையும், ஒரு மாடம் இறங்கும். பழுதுபார்க்க வேண்டிய மரத்தை ஐம்பது மைல் தள்ளியிருக்கும் நிலையத்திலிருந்து இழுத்து வருவதை விடப் பக்கத்திலேயே அறுத்துக்கொள்வது மலிவு. ஆனாலும் மேதர் செய்ததுதான் சரி. ஆலை விடுதியின் வசதிக்காக இருந்தது, ஏரியோ எல்லாருக்கும் உரியது.

ஜூலை 14, மெனி கிளேசியர்

1936 ஆகஸ்ட் 31 இரவு, ஹெவன்ஸ் பீக் என்ற மலையுச்சிப் பக்கம் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ, காற்றில் கணவாயைத் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிற்று. பக்கத்திலிருந்த குடில்கள் சாம்பலாயின. ஊழியர்கள் கூரை மேலேறி விடிய விடியத் தண்ணீர் அடித்து விடுதியைக் காப்பாற்றினார்கள். விடுதி தப்பியது என்று மேனேஜர் தலைமையகத்துக்குத் தந்தி கொடுக்க, 'ஏன்?' என்ற ஒரே சொல் பதிலாக வந்தது என்று ஒரு கதை இங்கே தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. தந்தி நிஜமோ இல்லையோ, கதை பிறந்த சூழல் நிஜமானது. 1933 ஜூலையில், பூங்காவைக் குறுக்கே கடக்கும் கோயிங்-டு-த-சன் சாலை முறைப்படி திறக்கப்பட்ட பிறகு, மக்கள் சொந்தக் காரில் வந்து, மலிவான குடிலில் ஓரிரவு தங்கிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். டிக்கெட் வருமானம் என்ற மறுபக்கம் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டால், மிஞ்சுவது மூன்று மாத வாடகையும் பன்னிரண்டு மாதப் பராமரிப்பும்தான்.

போர்க்காலத்தில் விடுதிகளை மூடி வைத்து 1946இல் மீண்டும் திறந்தார்கள். 1957இல் நடத்தும் பொறுப்பை வெளியாரிடம் ஒப்படைத்து, விற்பதற்கு வசதியாகப் புதுப்பித்தார்கள். அந்த ஆண்டுதான், முன்கூடத்தின் நடுவே சுழன்றிறங்கிய படிக்கட்டைப் பிடுங்கி எறிந்து, அங்கே பரிசுப்பொருள் கடைக்கு இடம் செய்தார்கள். அரசின் பெரிய சீரமைப்பில் அந்தப் படிக்கட்டு 2017இல் பழையபடி திரும்ப வந்திருக்கிறது. இன்று காலை கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருமுறை ஏறி இறங்கினேன். கடை வாடகையைப் போல எந்தப் பேரேட்டிலும் இந்தப் படிக்கட்டு வரவாகாது. ஆனாலும் அறுபதாண்டு கழித்து ஒருவர் அதைத் தேடிச் செய்ய வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய நிறைவு.

ஜூலை 16

எல்லை தாண்டி, கனடாவின் வாட்டர்டனில் 1927இல் ரயில்வே திறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விடுதியில் தேநீர் மட்டும் குடித்தேன். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இந்த இடம் தேர்வானதன் காரணம் எளிதில் விளங்கும். காற்று ஓயாமல் அடித்ததால் வெளியே நிற்க முடியவில்லை.

ஜூலை 17, ஈஸ்ட் கிளேசியர் நிலையம்

மேற்கே போகும் ரயில் மாலையில் வந்தது. ஏறியவர்கள் பதினொரு பேர். இறங்கிய நால்வரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, பூச்செடிகளுக்கு நடுவே உள்ள அதே பாதையில் விடுதியை நோக்கி நடந்ததை, வண்டி நகரும் வரை சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதியின் பக்கத்து வாகன நிறுத்தத்தில் கார்கள் நிறைந்திருந்தன.