வலை நிரலாக்கத்தில் ஃபங்ஷனா, கிளாஸா?

கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் வார்ப்பு) எழுதுவதே முதிர்ச்சி, ஃபங்ஷன்களை (ஒரு வேலையைச் செய்யும் தனி நிரல் துண்டுகளை) வரிசையாக எழுதுவது கற்றுக்குட்டித்தனம் என்னும் எண்ணத்தை நான் ஏற்பதில்லை. வழக்கமாக ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தொடங்கி, பதிலை அனுப்பியதும் நினைவில் இருப்பதை எல்லாம் விட்டுவிடும் சர்வர் மொழியான பிஎச்பியில், ஒரு படிவத்தைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் சேமிக்கும் வேலைக்கு மேலிருந்து கீழாக ஓடும் செயல்முறை நிரலே தெளிவானது. அதைப் புரிந்துகொள்ளப் பத்துக் கோப்புகளைத் திறக்க வேண்டியதில்லை. 2004-இல் பிஎச்பி 5 விரிவான பொருள்நோக்கு (கிளாஸ்களை அடிப்படையாகக் கொண்ட) வசதிகளைத் தந்த பின்னரும், அதில் எழுதப்பட்ட வலைத்தள மென்பொருளான வேர்ட்பிரஸ், தன் ஹூக்குகளை (பிறர் தங்கள் நிரலை இணைக்கும் இடங்களை) பயன்படுத்தச் சாதாரண ஃபங்ஷன்களையே தருகிறது. 2019-இல், கிளாஸ் இல்லாமலே நிலைத் தரவைக் கையாளும் வசதியுடன், பக்க இடைமுகங்களை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட்டின் 16.8 பதிப்பு வந்த பிறகு, உலாவிப் பக்கத்திலும் பலர் கிளாஸ்களிலிருந்து ஃபங்ஷன்களுக்கு மாறினார்கள்.

ஆனால் ஒரு தளத்தில் பணம் செலுத்தும் வழிகள் மூன்று நான்காகப் பெருகும்போது நிலைமை வேறு. எந்த வழி என்று கேட்கும் இஃப் கிளைகள் ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் பரவி, ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று உடையும். அங்கே ஒரே இன்டர்ஃபேஸை (எந்தெந்த ஃபங்ஷன்கள் இருக்க வேண்டும் என்னும் ஒப்பந்தத்தை) பின்பற்றும் தனித்தனிக் கிளாஸ்கள் அந்த வேறுபாடுகளைத் தத்தம் எல்லைக்குள் அடக்குவதோடு, போலிக் கிளாஸ் ஒன்றை வைத்து, உண்மையான கட்டணச் சேவையைத் தொடாமலே நிரலைச் சோதிக்கவும் வழி தருகின்றன. பொருள்நோக்கு முறையின் மிகப்பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான். மரபுரிமை அடுக்குகளை (ஒரு கிளாஸின் பண்புகளை இன்னொன்றும், அதனுடையதை மற்றொன்றும் பெறுவதை) மட்டும் தவிர்க்கிறேன்: மூன்று நிலை மேலே உள்ள தாய்க் கிளாஸில் செய்யும் சிறு மாற்றம் எந்தப் பக்கத்தைப் பாதிக்கும் என்பதை எளிதில் கணிக்க முடிவதில்லை.