சத்து ஊசி கேட்டு வருபவர்கள்

மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர் கல்வி காட்ட வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) கூட்டங்களுக்கு ஆள் சேர்வதில் சிரமமே இல்லை. ஏசி ஹால், சர்க்கரையோ இதயமோ பற்றி ஒரு பேராசிரியர், மதியம் பிரியாணி. மனநலம் என்று தலைப்புப் போட்டால் மட்டும் பாதி நாற்காலி காலி. நாங்கள் எம்.பி.பி.எஸ். படித்தபோது அதற்குத் தனிப் பரீட்சை கிடையாது. இரண்டு வார போஸ்டிங்கை லீவு மாதிரிதான் கழித்தோம். பரீட்சைக்கு வராததைப் படிக்காத பழக்கம் பட்டம் வாங்கியதும் போய்விடுமா?

நோயாளிகள் பாடத்திட்டம் பார்த்து வருவதில்லை. என் கிளினிக் தேனி மாவட்டத்தில். விடியுமுன் ஜீப் ஏறிக் கேரள மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் திரும்பிய பிறகுதான் கூட்டம் சேரும். "உடம்பெல்லாம் உளைச்சல் டாக்டரம்மா", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", கடைசியில் "ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க". சிலருக்கு ரத்தசோகை இருக்கும், சிலருக்குத் தைராய்டு. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் மாதாமாதம் வருபவர்கள் தனி. 2015-16 தேசிய மனநல ஆய்வு, பெரும்பாலான மனநோய்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. அவர்கள் எங்கேயோ ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் பெஞ்சில்தான் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பொது மருத்துவர்களுக்காக ஒரு பயிற்சி முறையை உருவாக்கியிருக்கிறார்கள். நாம் நம் ஓ.பி.யில் நம் நோயாளியைப் பார்க்கும்போதே மனநல மருத்துவர் வீடியோ வழியாகக் கூட இருந்து சொல்லித்தருவார். நான் சேர்ந்ததும் அந்தப் பாணிப் பயிற்சிதான். நோயாளியிடம் சம்மதம் கேட்டுவிட்டு போனை பி.பி. கருவிமேல் சாய்த்து வைப்பேன்.

படபடப்போடு வந்த ஓர் அம்மாவின் பையில் வெவ்வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி.க்கள் கத்தையாக இருந்தன. எல்லாம் நார்மல். வழக்கமாக அதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கப்புறம் என்ன கேட்பது என்பதைத்தான் திரையில் இருந்தவர் காட்டினார். படுத்ததும் தூக்கம் வருதா? நடுராத்திரி முழிப்பு வருதா? முன்ன பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா? "சீரியல்கூடப் பார்க்கிறதில்லம்மா" என்றார் அந்த அம்மா. மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளின் முதல் இரண்டு கேள்விகளும் இதைத்தான் கேட்கின்றன: கடந்த இரண்டு வாரமாக ஆர்வம் குறைந்ததா, மனம் சோர்ந்திருந்ததா. தாளை நீட்டினால் எங்கே கையெழுத்துப் போடணும் என்பார்கள். பேச்சோடு பேச்சாகக் கேட்டால் பதில் வந்துவிடுகிறது.

மருந்து எழுதுவது சுலபம். மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிட்டலோபிராமின் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும், முதலில் வயிற்றைப் புரட்டலாம், குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே சொல்லாவிட்டால் நான்காம் நாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். பழக்கமாகிவிடக்கூடிய பதற்ற மாத்திரை அல்பிரசோலாம் அன்றிரவே தூக்கம் தந்துவிடும். அதனால்தான் அது இந்த ஓட்டம் ஓடுகிறது, நிறுத்த முடியாமல் தவிப்பவர்களும் வந்தபடி இருக்கிறார்கள்.

"செத்துரலாம்னு நினைப்பு வருதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் மருத்துவர்களுக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் வாய் வராது. பயிற்சியில் இந்த ஒரு வரியை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வைத்தார்கள். தலைநரைத்தவர்கள்கூடச் சிரித்து மழுப்பினார்கள். அடுத்த கேள்வி, வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? வயலும் தோட்டமும் உள்ள வீடுகளில் அது கட்டிலுக்கடியில்கூட இருக்கும். நோயாளியின் சம்மதத்தோடு வீட்டாரை அழைத்து அதை அப்புறப்படுத்தச் சொல்கிறேன். சீட்டில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் எழுதிவிடுகிறேன். எண்ணம் முற்றியிருந்தால் அன்றைக்கே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதுதான்.

பயிற்சி முடிந்தும் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் குடும்ப மருத்துவர்களை உட்காரவைத்து நடத்திய கூட்டங்களின் எளிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். பேர், ஊர் சொல்லாமல் ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும், அவரைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் சேர்த்து. "அந்தம்மா வாசல்ல தெரிஞ்சாலே எரிச்சல் வருது" என்று ஒரு மூத்தவர் போட்டு உடைத்த பிறகுதான் கூட்டம் சூடுபிடித்தது. எந்த சி.எம்.இ. மேடையிலும் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

குடிநோயாளிகள் விஷயத்தில்தான் இன்னும் சண்டை. கிளினிக்கிலேயே டயசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்துக் குடியை நிறுத்த வைக்கலாம் என்கிறார் ஒருவர். குடியைத் திடீரென நிறுத்தியதில் ராத்திரி வலிப்பு வந்தால், பிதற்ற ஆரம்பித்தால் யார் பார்ப்பது என்கிறார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் முன்னவர் ஊரிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அனுப்பும் ஆட்களில் பாதிப் பேர் போய்ச் சேர்வதில்லை என்று அவர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரை வரச்சொல்லியிருக்கிறோம்.