அந்தக் கடிகாரத்தில் இல்லாத 35.9

"சார் போயிட்டார்" என்று நம் பள்ளிப் பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தபோது இங்கே லண்டன் பக்கத்தில் விடியற்காலை நான்கு மணி. எந்த சார் என்று யாரும் கேட்கவில்லை. அடைமொழி இல்லாமல் சார் என்றால் நமக்கெல்லாம் பௌதிக ஆய்வகத்து சார்தான். அதன்பின் எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழே இறங்கி வந்து, பழைய பெட்டியில் கிடந்த பிளஸ் டூ ரெகார்டு நோட்டைத் தேடி எடுத்தேன்.

பழுப்பு அட்டை. லேபிளில் என் கையெழுத்தில் 'வேலூர், வட ஆற்காடு மாவட்டம், 1984' என்று இருக்கிறது. அந்த மாவட்டத்தை 1989ல் இரண்டாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த வேலூரை 2019ல் மறுபடி மூன்றாக்கினார்கள். நோட்டுக்குள் எதுவும் மாறவில்லை. இடது பக்கம் பென்சில் படம், வலது பக்கம் நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு. பதினோராம் பக்கத்தில் 'தனி ஊசல்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு முழு அட்டவணை சிவப்பு மையில் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கிறது. மூன்று வருடமாக நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கிறார்கள். எனக்கு எழுத இருப்பது அந்தச் சிவப்புக் கோடு ஒன்றுதான்.

ஆய்வகம் உங்களுக்குத் தெரியும். ஸ்பிரிட் விளக்கு வாசனை, வடக்குப் பக்கத்து நீள ஜன்னல்கள், தராசுகள் தூங்கும் கண்ணாடிப் பெட்டிகள். தனி ஊசல் என்றால் நூலில் கட்டிய குண்டு; அதன் நீளத்தையும் ஆடும் நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஊசல் சோதனை நாளில் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. வேலூரின் மார்ச் வெயிலில் விசிறி இல்லாமல் இரண்டு பீரியட். நாற்பது பேர் வியர்வை சொட்டச் சொட்ட ஊசலை ஆட்டிக்கொண்டு நிற்போம். "காத்து தள்ளினா ஊசல் உன் பேச்சைக் கேட்காது" என்பார் சார். அவரும் சட்டை நனைந்து, நம்மோடு அங்கேயேதான் நிற்பார். ஒரு நாளும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்ததில்லை.

எண்ணிக்கையைச் 'சுழி' (பூஜ்யம்) என்று தொடங்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் நினைவிருக்கும். குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தை அமுக்கி 'சுழி' என்று சொல்ல வேண்டும். 'ஒன்று' என்று தொடங்குகிறவன் 'இருபது' என்று முடிக்கும்போது பத்தொன்பது அலைவுதான் ஆகியிருக்கும். அந்த ஒரு அலைவு விட்டுப்போனால் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது ஜி, (செ.மீ./விநாடி² அலகில்) 980 வர வேண்டிய இடத்தில் 1080ஐத் தாண்டும். எண்ணத் தொடங்குகிற இடத்தில் செய்த தப்பைக் கடைசியில் எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது என்பதை நான் அந்த மேஜையில்தான் கற்றேன்.

எனக்கு வந்தது 1080 இல்லை. நூலின் நீளத்தை அளந்தேன். வெர்னியர் அளவியில் குண்டின் விட்டம் பார்த்து, அதில் பாதியைக் கூட்டினேன். 80 சென்டிமீட்டருக்கு இருபது அலைவுகள் 36.2 விநாடி. கணக்குப் போட்டால் 964. பக்கத்து பெஞ்சில் எல்லோருக்கும் 980. பயந்துவிட்டேன். முடிவு தெரிந்த சோதனைக்கு ரீடிங் போடுவது எப்படி என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்த வழி கையில் இருந்தது. 980ஐ வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ஐந்து நீளங்களுக்கும் நேரத்தை எழுதினேன். 60 சென்டிமீட்டருக்கு 31.1, எழுபதுக்கு 33.6, எண்பதுக்கு 35.9, தொண்ணூறுக்கு 38.1, நூறுக்கு 40.1. அட்டவணை அழகாக இருந்தது.

சார் நோட்டை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். என்னை மேஜைக்கு முன்னால் வரச் சொன்னார். ஸ்டாப்வாட்ச்சை என் கையில் கொடுத்து, வகுப்பைப் பார்த்து நிற்க வைத்தார்.

"இதோட மீச்சிற்றளவு இன்னா?"

"0.2 விநாடி சார்." மீச்சிற்றளவு என்றால் ஒரு கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு.

"அப்போ இதுல 35.8 கீது, 36 கீது. 35.9 எங்க கீது, காட்டு."

காட்ட முடியவில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவில் முள் நிற்காது, பல்சக்கரம் அப்படி. 31.1 எங்கே, 38.1 எங்கே, 40.1 எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்தில் நான்கு அந்தக் கடிகாரம் காட்டவே முடியாத எண்கள். பிறகு கரும்பலகையில் எழுதினார்: 36 விநாடியில் ஒரு கோடு தள்ளினால் ஜி கிட்டத்தட்ட 11 மாறும். "ஒரு கோட்டுக்கே 11 மாறும்போது, அஞ்சு நீளத்துக்கும் 980 எப்படிடா வந்துது?" கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சிவப்புப் பேனாவால் அட்டவணையைக் குறுக்கே அடித்தார். "அளந்ததை எழுது. புஸ்தகத்துல இருக்கறத எழுதறதுக்கு ஊசல் எதுக்கு?"

வீட்டில் சொல்லவில்லை. பல நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். அன்றைக்கு வகுப்பில் பாதி நோட்டுகளில் அதே 980 இருந்தது. ஏன் நான் மட்டும் என்ற கேள்வி வெகுகாலம் உள்ளே கிடந்தது. இன்றும் அவர் செய்தது முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். பதினாறு வயதுப் பையனை நாற்பது பேர் முன்னால் அப்படி நிறுத்தியிருக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் அடுத்த ஒரு வாரத்தை அவர் எனக்காகக் கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும். பள்ளி விட்டபின் தினமும் அரை மணி நேரம். அட்டெண்டர் அண்ணன் சாவியோடு காத்திருப்பார், சார் ஜன்னலோரம் நிற்பார். இருபது அலைவுக்குப் பதிலாக ஐம்பது எண்ணச் சொன்னார். கடிகாரத்தின் பிழை அதே 0.2 தான், ஆனால் இப்போது அது 90 விநாடியில் பரவுகிறது. ஜியில் 11 ஆக இருந்த சந்தேகம் 4 ஆகச் சுருங்கியது. கருவி அதேதான், புதிதாக எதுவும் வாங்கவில்லை, கூடுதலாகப் பொறுமையாக எண்ணினோம், அவ்வளவுதான். அந்த எளிமை என்னைப் பிரமிக்க வைத்தது.

எண்ணும்போது பேச மாட்டார். இடையில் நூலை மாற்றும்போது சொல்வார். 1802ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலை பக்கத்தில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டதை அவர்தான் சொன்னார். இந்தியாவை அளந்த வேலை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. இன்னொரு நாள் காவலூர். நாம் டிசம்பரில் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போய் வந்தோமே, அதே வானாய்வகம்தான். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ல்தான் வந்தது, நாம் பார்த்தது ஒரு மீட்டர் கருவி. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதைப் பார்க்க அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடி மங்கி மீண்டது. வேறு இடங்களில் பார்த்தவர்களும் அப்படியே பதிந்திருந்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரிந்தது. "வரக் கூடாத ரீடிங்னு அதை அடிச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி நூலைக் கட்டக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சராசரி போட்டேன். 976, கூட்டல் கழித்தல் 4. எழுதலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "திங்கக்கிழமை திருகு அளவி" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டை அகழி ஓரமாகப் போய்விட்டார்.

இன்று என் பிழைப்பே அதுதான். லண்டனுக்கு மேற்கே ஒரு சிறிய அளவுதிருத்தக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாகத் தராசுகளைச் சரிபார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஊருக்கு ஊர் ஜி மதிப்பு தரும் அட்டவணையை மேலதிகாரி கொடுத்தார். பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு, துருவத்துப் பக்கம் அதிகம். லண்டனுக்கு 981.2. வேலூரின் அட்சரேகை கிட்டத்தட்ட 13 பாகை. அதை வைத்துக் கணக்குப் போட்டேன். 978.

நாம் கூச்சமில்லாமல் எழுதிய 980 நம் ஊரின் எண்ணே இல்லை. நூலைக் கட்டிய அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த 976, கூட்டல் கழித்தல் 4க்குள் நம் ஊர் இருந்தது. அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாக வெளியே போய் நின்றேன். இதைச் சாருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எழுதவில்லை. முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்று இருந்தது. பிறகு குழந்தைகள். பிறகு ஊருக்கு வரும்போது நேரிலேயே சொல்லலாம் என்று ஆனது. வந்தேன், ஏழு முறை வந்தேன். அம்மாவை சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கூட்டிப்போன 2018ல், கொசப்பேட்டையில் அவர் இருந்த தெருமுனை வரை ஆட்டோ போனது. மறுநாள் விடியற்காலை காட்பாடியில் ரயில். அடுத்த முறை என்று ஓட்டுநரிடம் நேராகப் போகச் சொன்னேன். அந்தத் தெருவில் திரும்பியிருந்தால் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். வேலூரை விட்டு வந்ததற்காக நான் வருந்தியது குறைவு. வந்தபோதெல்லாம் அவசரமாக வந்ததற்காக இப்போது வருந்துகிறேன்.

சங்கம் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை செய்து தரப் பேசிக்கொண்டிருப்பது தெரியும், நல்லது. என் பங்கைப் பித்தளைக் குண்டுகளுக்கும் பிளந்த தக்கைகளுக்கும் மீட்டர் கோல்களுக்கும் ஒதுக்கக் கேட்கிறேன். டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் வாங்கினால் அது 0.01 விநாடி காட்டும். ஆனால் அமுக்குகிற விரல் அவ்வளவு துல்லியமில்லை, பத்தில் ஒன்றிரண்டு விநாடி தாமதிக்கும். திரையில் தெரிகிற இரண்டு தசமத்தையும் நம்பிப் பிள்ளைகள் எழுதுவார்கள். ஐம்பது அலைவு எண்ணச் சொல்லிப் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும்.

கடைசியாக ஒன்று. அம்மாவின் காலத்துக்குப் பின் வீட்டைக் காலி செய்தபோது அப்பாவின் ஊசல் சுவர்க்கடிகாரத்தை இங்கே கொண்டுவந்தேன். ஞாயிறுதோறும் அப்பா சாவி கொடுத்து, ஆகாசவாணிச் செய்தியோடு ஒத்துப் பார்ப்பார். வேலூரில் அது நேரம் தவறியதே இல்லை. இங்கே மாட்டிய நாளிலிருந்து முந்திக்கொண்டு ஓடியது. பழுது என்று மனைவி சொன்னாள். நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தினமும் காலை ஏழு மணிக்கு வானொலியோடு ஒப்பிட்டு எழுதினேன். ஏழு நாளில் 16 நிமிடம். நாளுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஈர்ப்பு கூடினால் ஊசல் வேகமாக ஆடும். 978க்கும் 981க்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு 2 நிமிடம் 10 விநாடி தரும், மிச்சம் குளிரில் ஊசல் தண்டு சுருங்கியது. 1672ல் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலர் பாரிஸிலிருந்து நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள கயேனுக்குக் கொண்டுபோன கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அப்பாவின் கடிகாரம் எதிர்த்திசையில் வந்திருக்கிறது.

சார் போன செய்தி வந்த வாரம் ஊசலின் அடித் திருகைத் திருப்பிக் குண்டை இறக்கினேன். முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். சரியாக வர நான்கு முறை, நான்கு வாரம் ஆனது. இப்போது இங்கே நேரம் காட்டுகிறது. இனி வேலூரில் மாட்டினால் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும்.