ஒரு பிழையின் விலை 2.56 டாலர்

மெய்ப்புப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் கையில் பென்சில் இல்லாமல் புத்தகத்தைத் திறக்க முடிவதில்லை. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத்தைக் கணினிக்காரர்கள் அல்காரிதங்களுக்காக, அதாவது கணினி ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் படிமுறைகளுக்காகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம், தன் பிழைகளுக்கு அவர் தரும் மரியாதை.

நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய நூல்வரிசையின் முதல் தொகுதி 1968இல் வந்தது. இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு பிழையை முதலில் சுட்டிக்காட்டுபவருக்கு 2.56 டாலர் பரிசு. அதென்ன கணக்கு என்றால், 256 என்ற எண்ணைப் பதினாறடிமான முறையில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டு எண்ணும் முறையில், 100 என்று எழுதுவார்கள். ஆகவே 256 சென்ட் அவருக்கு ஒரு முழு டாலர்! பிழையாக இல்லாமல் நல்ல யோசனையாக இருந்தால் 32 சென்ட்.

நுட்பப் பிழையானாலும், அச்சுப் பிழையானாலும், வரலாற்றுத் தகவலில் பிழையானாலும் விலை ஒன்றுதான். என்னைக் கவர்ந்தது இதுதான். நம்மிடம் ஒற்றுப்பிழையைச் சொன்னால் "இதெல்லாம் ஒரு குறையா?" என்பார்கள், தகவல் பிழையைச் சொன்னால் பேச்சுவார்த்தையே நின்றுவிடும்.

அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் வங்கியில் போடவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். சிலர் படமெடுத்து இணையத்திலும் போட, கணக்கு எண் திருடர்களுக்கு வசதியாகிவிட்டது. 2008இல் உண்மையான காசோலையை நிறுத்திவிட்டு, சான் செரிஃப் வங்கியின் வைப்புச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார். சான் செரிஃப் என்பது 1977 ஏப்ரல் முதல் தேதி கார்டியன் நாளிதழ் வாசகர்களை ஏமாற்றக் கற்பனை செய்த தீவு நாடு. அங்கே கணக்கு வைத்துக்கொள்ளத்தான் இப்போது போட்டி.

வாசகர் சொல்வதெல்லாம் பிழையாகிவிடாது. சரியாக இருப்பதைத் திருத்தச் சொல்லும் கடிதங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். கனூத் ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே ஏற்கிறார். ஏற்றதைத் திருத்தப் பட்டியலாக வெளியிடுகிறார். பழைய பிரதி வைத்திருப்பவரும் தன் புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம். நம் பழைய நூல்களிலும் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் போட்ட தாள் இருக்கும். அது எப்போது காணாமல் போனதோ!

பாசன ஏரிகள் பற்றிய ஒரு நூலில், உபரிநீர் வழியும் கலுங்கின் படத்துக்குக் கீழே மதகு என்று அச்சாகியிருந்தது. பதிப்பகத்துக்கு எழுதினேன். "அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம் ஐயா" என்று பதில் வந்தது. இரண்டாம் பதிப்பில் அட்டை மாறியிருந்தது, விலை ஏறியிருந்தது. கலுங்கு மட்டும் மதகாகவே இருந்தது. அதைப் பதிப்பு என்று சொல்லக் கூடாது, மறுஅச்சு என்று சொல்ல வேண்டும். அச்சுக் கோத்த காலத்தில் ஒரு வரியை மாற்றுவது பாடுதான். இப்போது கோப்பு கணினியில் இருக்கிறது. ஐம்பது ஐம்பது பிரதிகளாகவும் அச்சடிக்கிறார்கள். என்ன சாக்கு மிச்சம்?

டாலரெல்லாம் வேண்டாம். பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தில், பிழைகளை எந்த முகவரிக்கு எழுதலாம் என்று ஒரு வரி சேருங்கள். திருத்திய பின் ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.