70 வளைவு, 32 பல்: கொல்லிமலைக்கு ஒரு சைக்கிள் பயணம்

இன்று அதிகாலைதான் வீடு வந்து சேர்ந்தேன். தொடை இரண்டும் கல் மாதிரி இருக்கின்றன. மாடிப்படி இறங்க கைப்பிடி வேண்டியிருக்கிறது. ஆனாலும் தூங்குவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஓரிடத்தில்கூட இறங்கித் தள்ளாமல், சைக்கிளில் ஏறி முடித்துவிட்டேன்!

எந்த வழி, எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போகும்போது நடந்த பேருந்துக் கூத்தை முதலில் கொட்டித் தீர்த்தால்தான் மற்றது எழுத வரும்.

வெள்ளிக்கிழமை இரவு, கிளாம்பாக்கத்தில் இருந்து நாமக்கல்லுக்கு ஒரு தனியார் பேருந்து. டிக்கெட் 780 ரூபாய். பதிவு செய்வதற்கு முன்பே போன் போட்டு, சைக்கிள் கொண்டு வரலாமா என்று கேட்டேன். "தாராளமா கொண்டு வாங்க சார், டிக்கி காலியாத்தான் வரும்" என்றார்கள். பேருந்து வந்ததும் கிளீனர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அறுநூறு ஆகும் சார்" என்றார். ஆபீசில் பணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். "அப்ப ஆபீஸ்ல சொன்னவரையே வந்து ஏத்தச் சொல்லுங்க." இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள், டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அந்த நேரத்தில் யாரால் பேரம் பேச முடியும்? பேசிப் பேசி 400க்கு இறக்கினேன். ரசீது கிடையாது. என் சைக்கிள் பத்து கிலோகூட வராது. பக்கத்திலேயே வாஷிங் மெஷின் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

400 ரூபாய்கூடப் போகட்டும். முன்சக்கரத்தைக் கழற்றி, கியர் இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, "இப்படியே இருக்கட்டும், மேலே எதுவும் வைக்காதீங்க" என்று இரண்டு முறை சொன்னேன். "எல்லாம் எங்களுக்குத் தெரியும் சார், நீங்க ஏறுங்க." காலை ஐந்து மணிக்கு நாமக்கல்லில் டிக்கியைத் திறந்தால், சைக்கிள் புரண்டு கிடக்கிறது. கியர் பக்கம் கீழே. மேலே ஒரு மூட்டை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று சைக்கிள் ஓட்டாதவர்களுக்குத் தோன்றும். பின்சக்கரத்தில் சங்கிலியை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டெரெய்லர், சைக்கிளின் சட்டத்தோடு ஹேங்கர் என்ற கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டால் சேர்ந்திருக்கிறது. அடிபட்டால் சட்டம் உடையாமல் தான் வளைந்து கொடுப்பதுதான் அந்தத் துண்டின் வேலை. அது உள்பக்கம் வளைந்துவிட்டால் கியர் தாவும், சங்கிலி கரகரக்கும். எல்லாவற்றையும் விட மோசமானது, கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் போய் ஸ்போக்ஸில் மாட்டும். அத்தோடு சக்கரமும் போச்சு, டெரெய்லரும் போச்சு. எனக்கு அந்தக் கடைசிப் பல்சக்கரம்தான் உயிர்.

நான் சென்னைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுவேன். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். மலை ஏற வேண்டும் என்று முடிவானதும், பின்சக்கரத்தில் இருந்த கேசட்டை, அதாவது பல்சக்கரங்களின் அடுக்கைக் கழற்றிவிட்டு வேறு போட்டேன். பழையதில் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல், புதியதில் 32. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரங்களில் சின்னது 34 பல். இந்தச் சேர்க்கையில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 2.2 மீட்டர் நகரும். பழைய 28 என்றால் இரண்டரை மீட்டருக்கு மேல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இரண்டரை மணி நேரம், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த முப்பது சென்டிமீட்டரைச் சுமப்பது முட்டிதான். ஒன்றை அடித்துச் சொல்வேன்: மலைக்குப் போக விரும்புகிறவர்கள் லேசான சைக்கிள், கார்பன் சக்கரம் என்று காசைக் கரைக்காதீர்கள். கேசட்டை மாற்றுங்கள், போதும். எனக்கு வேலைக் கூலியோடு 2,100 ரூபாய் ஆனது. கார்பனுக்குக் கொடுக்கும் காசில் இது எந்த மூலைக்கு?

சரி, அந்த 32 பல் இப்போது தொட முடியாத நிலையில். நடுக் கியரிலேயே மெதுவாக மிதித்து சேந்தமங்கலம் வந்தேன். டீக்கடையில் விசாரித்தபோது ஒரு சைக்கிள் கடையைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள் வாசலில் ஏழெட்டு நிற்கின்றன. பெரியவர் ஒருவர் அப்போதுதான் கதவைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். "இந்த மாதிரி வண்டி நமக்குப் பழக்கம் இல்லைங்க தம்பி. பார்ப்போம், நிறுத்துங்க" என்றார்.

சைக்கிளைத் தொடவே இல்லை. பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பெடலை என்னைச் சுற்றச் சொல்லி மறுபடி பார்த்தார். "பல்லு நேரா நிக்குது, இந்தக் குட்டிச் சக்கரம் ரெண்டும் உள்ள சாஞ்சிருக்குது. இதுதானுங்களே?" அதுதான்! டெரெய்லர் போல்ட்டில் என் ஐந்து எம்.எம். ஆலன் கீயைச் செருகி, இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெளிப்பக்கம் ஒரு அழுத்து. மறுபடி குந்திப் பார்த்தார். இன்னொரு அழுத்து, இந்த முறை நூல் அளவு. "அலுமினியமுங்க. ஒரே இழுவையா இழுத்தா முறிஞ்சு போகும், கெஞ்சித்தான் வாங்கணும்." நான்காவது முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெடலைச் சுற்றிக் கியரை மாற்றினேன். சங்கிலி ஒவ்வொரு பல்சக்கரமாக ஏறி 32இல் போய் உட்கார்ந்தது. டெரெய்லருக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. எவ்வளவு என்று கேட்டேன். முப்பது ரூபாய் என்றார். நூறு ரூபாய் நோட்டை நீட்டி மீதி வேண்டாம் என்றேன். எழுபது ரூபாயை எண்ணி என் கையில் வைத்து மூடினார்.

இதனால் காரவள்ளி அடிவாரத்தில் ஏற்றத்தைத் தொடங்கும்போது மணி எட்டரை ஆகிவிட்டது. இது தப்பு. கீழ்ப்பகுதியில் தை மாத வெயிலே முதுகைச் சுட்டது. நீங்கள் போனால் ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

ஏலகிரியில் 14 வளைவு. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. ஆனால் எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வளைந்து வளைந்து போவதால்தான் சாலை செங்குத்தாக இல்லாமல் இருக்கிறது. இருபது கிலோமீட்டர் அளவில் ஆயிரம் மீட்டர் உயரம், சராசரியாக ஐந்து சதவீத ஏற்றம். மிதித்துக்கொண்டே பேச முடிகிற வேகத்தில் போனால் ஏறிவிடலாம். நான் மணிக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை.

யாரும் எனக்குச் சொல்லித்தராத, ஏறும்போது நானே கண்டுகொண்ட ஒரு விஷயம்: வலது பக்கம் திரும்பும் வளைவுகள் எல்லாம் ஓய்வு, இடது பக்கம் திரும்புபவை எல்லாம் உழைப்பு. நாம் சாலையின் இடது ஓரமாகப் போகிறோம் அல்லவா? இடது வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்கிறோம். தூரம் குறைவு, அதனால் அந்தப் பத்தடியில் சாலை சுவர் மாதிரி எழும்பும். வலது வளைவில் வெளிவட்டம். சுற்று பெரிது, ஏற்றம் கிட்டத்தட்டத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வளைவுக்குப் பிறகு இது பிடிபட்டுவிட்டது. இடது வளைவு வருவதற்கு முன்பே 32க்கு மாற்றிவிட்டு, வலது வளைவில் மூச்சு வாங்கித் தண்ணீர் குடிப்பது என்று வைத்துக்கொண்டேன். எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும் இடது வளைவிலும் கொஞ்சம் விலகி ஓட்டினேன்.

அரசுப் பேருந்து ஓட்டுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அருமையான மனிதர்கள். வளைவுக்கு முன்னால் நீளமாக ஹாரன், என்னைப் பார்த்ததும் வேகம் குறைப்பு, இடம் கிடைக்கும்வரை பொறுமை. மோசமானவர்கள் சுற்றுலாக் கார்க்காரர்கள்தான். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். இறங்கி வந்த ஒரு வெள்ளைக் கார், 27ஆவது வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு என் ஹாண்டில்பாரை உரசாத குறையாகப் போனது. பாட்டுச் சத்தம் மட்டும் அடுத்த வளைவுவரை கேட்டது. ஓரத்தில் நின்றுவிட்டேன். கை நடுங்கி, திரும்ப ஏறி உட்கார ஐந்து நிமிடம் ஆனது.

நாற்பதாவது வளைவுக்கு மேல் காற்று மாறுகிறது. வெயில் இருக்கிறது, சூடு இல்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிச் சுற்றி ஏறியிருக்கிறது. வாழைத்தார் ஏற்றப் போகும் காலி மினி லாரி ஒன்று என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. "பின்னாடி பிடிச்சுக்கங்க தம்பி, மேல விட்டுடறேன்" என்றார் டிரைவர். வேண்டாம் அண்ணே, முழுசா மிதிச்சுப் பார்க்கணும் என்றேன். கடைசிப் பத்து வளைவுகளைத் தொடங்கும்போது அவரே தாரோடு இறங்கி வந்தார். தூரத்தில் இருந்தே ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டி, "இன்னும் பத்துதான்!" என்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பத்தும் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. 70 என்று எழுதிய பலகையைத் தாண்டியபோது நான் அழுதுவிட்டேன். இரண்டு மணி ஐம்பது நிமிடம், தண்ணீருக்காக நான்கு முறை நின்றதையும் சேர்த்து.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். அதற்காகவே இன்னொரு முறை ஏறுவேன். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் கிழங்கு, வெளியே ஆட்டுக்கால் மாதிரியே பழுப்பு ரோமம். கடை வைத்திருந்த அக்கா கத்தியால் அந்த ரோமத்தைச் சீவச் சீவ உள்ளே வெளிர்ப் பச்சையாகச் சதை தெரிந்தது. அதை இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கப் 30 ரூபாய். முதல் வாயில் மிளகு தொண்டையைப் பிடிக்கிறது, அதற்குப் பின்னால் ஆட்டுக்கால் சூப்பின் அதே வழவழப்பு. கறியே இல்லாமல் இது எப்படி வரும்? மூன்று கப் குடித்தேன். "மலை ஏறி வந்த காலுக்கு இதுதான் சாமி மருந்து" என்று மூன்றாவது கப்பில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். பிறகு செம்மேட்டில் 90 ரூபாய்ச் சாப்பாடு. ரசம் மட்டும் நான்கு முறை வாங்கினேன். அந்த ஊர் மிளகு அப்படி.

தங்குவதற்குச் சனிக்கிழமை விலை. முதல் விடுதியில் 1,200 கேட்டார்கள், சைக்கிளை வெளியே நிறுத்தச் சொன்னார்கள். முடியாது என்று வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் 700, சைக்கிளும் அறைக்குள்ளேயே. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. சாயங்காலம் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆகாய கங்கை அருவிக்கு மறுநாள்தான் போனேன். ஆயிரம் படிக்கு மேல். முந்தின நாள் மலை ஏறிய காலோடு போகாதீர்கள். இறங்குவது ஒன்றுமில்லை, திரும்பி ஏறும்போது இரண்டு முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அருவி அற்புதம்தான், ஆனால் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இறக்கத்தில் கால் சும்மா இருக்கும், கைதான் உழைக்கும். என்னுடையது ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மையே கட்டைகள் கவ்விப் பிடிக்கும் பிரேக். அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் ஆபத்து உண்டு. வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தும், இருபது வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தால் விரல் வைக்க முடியவில்லை. ஆறும்வரை நின்று நின்றுதான் இறங்கினேன்.

சேந்தமங்கலத்தில் பெரியவர் கடை திறந்திருந்தது. மலையில் வாங்கிய அரைக் கிலோ மிளகில் பாதியைக் கொடுத்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் மிளகை மறுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "எழுபதும் மிதிச்சேதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சைக்கிளின் பின்னால் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "நேராத்தான் இருக்குது."

திரும்ப அரசுப் பேருந்து, சேலத்தில் மாறி. நடத்துநர் சைக்கிளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், 90 ரூபாய். டிக்கியைத் திறந்து, சைக்கிளை உள்ளே தூக்கும்போது நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார், "இந்தச் செயின் பக்கம் மேல வரணுமாங்க, கீழ வரணுமா?" மேலே என்றேன். ஒரு பழைய சாக்கைத் தேடி எடுத்து அடியில் விரித்துப் படுக்க வைத்தார்.

மிளகையும் சேர்த்து மொத்தச் செலவு 3,260 ரூபாய். இன்று காலை கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், சங்கிலி இன்னும் 32இல்தான் இருக்கிறது.