ஷிகோக்கு நடை, தவணை முறையில்: 23 கோவில் முடிந்தது

நேற்று இரவு ஒசாகா வந்து சேர்ந்தேன். இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, மற்றபடி நலம். ஜப்பானின் ஷிகோக்கு தீவைச் சுற்றி நடக்கும் பௌத்த யாத்திரையின் 88 கோவில்களில் 23 முடிந்திருக்கிறது, அதாவது தொக்குஷிமா மாகாணம் முழுக்க நடந்தாகிவிட்டது. மொத்தப் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போனால் 40லிருந்து 60 நாள் ஆகும், அலுவலகத்தில் அத்தனை நாள் யார் விடுப்பு தருவார்கள், அதனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும்போதெல்லாம் பேருந்து ஏறிப் போய், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இப்படித் தவணையில் நடப்பதற்கு ஜப்பானியர்களே குகிரி உச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. இது மூன்றாவது தவணை. மூன்றும் சேர்த்து ஒன்பது நாள்.

எந்த ஷூ, எவ்வளவு எடை என்பதெல்லாம் இந்த முறை வேண்டாம். நடையோடு ஒட்டிக்கொண்ட சின்னச் சின்னச் சடங்குகளைச் செய்து பார்த்தேன், எது நின்றது, எது உதிர்ந்தது என்று குறித்து வைக்கத்தான் இது.

முதலில் கோல். ஒன்றாம் கோவிலான ரியோசென்ஜியில் வெள்ளை மேலாடை, கோரைத் தொப்பி, கைக்கோல் மூன்றையும் வாங்கினேன். தொப்பியிலும் கோலிலும் நான்கு எழுத்து இருக்கும், தோக்யோ நினின், "இருவராகப் போகிறோம்" என்று பொருள். கூட வருகிற இன்னொருவர் கூகாய், இறந்தபின் கோபோ தாய்ஷி என்று பட்டம் பெற்ற துறவி, 774இல் இதே தீவில் பிறந்து 835இல் மறைந்தவர். கோல்தான் அவர் என்பது நம்பிக்கை. அதனால் தங்கும் விடுதிக்குப் போனதும் முதல் வேலை கோலின் அடியைக் கழுவித் துடைப்பது, உன் காலைப் பற்றி அப்புறம் யோசி. பாலத்தின்மேல் கோலை ஊன்றக் கூடாது, ஏனென்றால் எஹிமே மாகாணத்தில் ஓர் ஊரில் யாரும் இடம் தராமல் அவர் பாலத்துக்கு அடியில் படுத்திருந்தார், மேலே தட்டினால் தூக்கம் கலையுமாம். முதல் நாள் இதைக் கேட்டுச் சிரித்தேன். இரண்டாம் நாள் ஒரு வாய்க்கால் பாலத்தில் மறந்து ஊன்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்கிறவனின் கை.

ஆறாம் கோவிலான அன்ராக்குஜியில் தங்கும் வசதி உண்டு, வெந்நீர் ஊற்றுக் குளியலும் உண்டு. முதல் இரவு அங்கேதான். பதினேழு கிலோமீட்டர் நடந்து வந்து, ஷூவைக் கழற்றிக் குளியலறைக்கு ஓடத் துடிக்கிற நேரத்தில், குனிந்து ஒரு மரக்கட்டையின் அடியைத் துடைத்துக்கொண்டிருப்பது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் மூச்சு அடங்கிவிடுகிறது. ஒன்பது நாளும் விடாமல் செய்த ஒரே காரியம் இதுதான்.

கோவில் சடங்கிலும் நிறைய விதி இருக்கிறது: வாசலில் வணக்கம், கை கழுவல், மணி, மெழுகுவத்தி, மூன்று ஊதுவத்தி, பிறகு சூத்திரம், இதில் மெழுகுவத்தியிலிருந்து சூத்திரம் வரை மூலக் கோவிலிலும் தாய்ஷி சன்னிதியிலுமாக இரண்டு தடவை. அடுத்தவர் ஏற்றிய மெழுகுவத்தியிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாது, அவர் வினை நமக்கு வந்துவிடுமாம். மணியைப் போகும்போது அடிக்கலாம், திரும்பும்போது அடிக்கக் கூடாது. நான் மூன்றாம் கோவிலில் திரும்பும்போது பலமாக அடித்தேன், முற்றமே என்னைப் பார்த்தது.

இதயச் சூத்திரம் என்ற பௌத்தப் பாடத்தைப் படிக்கும்போது ஒன்று நடந்தது. கடைசி வரி "க்யாதே க்யாதே ஹாரா க்யாதே" என்று வருகிறது, பக்கத்தில் ஒரு குழு வேகமாகச் சொல்லிக்கொண்டு போனபோது திடீரென்று பொறி தட்டியது, அட, இது சமஸ்கிருதம், கதே கதே பாரகதே. இன்னொரு மந்திரம் "ஓன் அபோக்யா பெய்ரோஷானோ", அதாவது ஓம் அமோக வைரோசன. கூகாயின் குரு பரம்பரையில் வஜ்ரபோதி என்று ஒருவர் வருகிறார், எட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகச் சீனா போனவர். அதைப் படித்த பிறகு, ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தமாதிரி ஒரு உரிமை வந்துவிட்டது எனக்கு.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓசெத்தாய். இந்தப் பாதையில் நடப்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் சும்மா ஏதாவது கொடுப்பார்கள், பழம், தேநீர், காசு, சில நேரம் தங்க இடம். அதை மறுக்கக் கூடாது. நடப்பவருக்குக் கொடுப்பது கூகாய்க்கே கொடுப்பது, அதோடு கொடுப்பவருக்குப் பதிலாக நாமும் நடக்கிறோம் என்று கணக்கு.

இரண்டாம் நாள் ஏழாம் கோவில் தாண்டி, தோட்டத்து ஓரத்தில் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு நான்கு மிக்கான் ஆரஞ்சுகளைக் கையில் திணித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பணப்பையை எடுத்தேன். அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. சும்மா வாங்கக் கூடாது என்று வளர்ந்த கை, என்ன செய்வது. எங்கள் வீடு நத்தம் சாலையில், தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் கூட்டம் வாசல் வழியாகத்தான் போகும். அம்மா அண்டா நிறைய நீர்மோர் கரைத்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு வைப்பார், டம்ளர் கழுவுவது என் வேலை. ஆக எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடுக்கிற பக்கம். வாங்குகிற பக்கத்தில் நிற்பது நாற்பது வயதுக்கு மேல் இதுதான் முதல் தடவை, அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை விடுதியில் ஒரு டச்சுப் பெண், முன்பு ஸ்பெயினில் சந்தியாகோ என்கிற கிறிஸ்தவ யாத்திரைப் பாதை முழுக்க நடந்தவராம், எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே வீட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துப்போய், மலைமேல் உயரமான கம்பத்தில் நிற்கிற இரும்புச் சிலுவையின் அடியில் போட்டுவிட்டு வருவார்களாம். "அங்கே இறக்கி வைப்பது, இங்கே கைமாற்றுவது" என்று என் பையிலிருந்த வெள்ளைச் சீட்டுக் கட்டைக் காட்டினார். ஓசாமெஃபுதா என்கிற அந்தச் சீட்டை ஒவ்வொரு சன்னிதியிலும் பெட்டியில் போட வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். ஓசெத்தாய் கொடுப்பவருக்கும் அதே சீட்டில் ஒன்றைக் கைகூப்பித் தர வேண்டும் என்பதுதான் தெரியாமல் போயிற்று. தேதி, ஊர், பெயர், வயது, வேண்டுதல், அவ்வளவுதான் அதில். 88 கோவிலையும் எத்தனை முறை சுற்றினோம் என்பதைப் பொறுத்துச் சீட்டின் நிறம் மாறும்: நான்கு சுற்று வரை வெள்ளை, ஐந்திலிருந்து பச்சை, எட்டிலிருந்து சிவப்பு, 25லிருந்து வெள்ளி, 50லிருந்து தங்கம், நூறு சுற்று முடித்தவருக்கு ஜரிகைத் துணி. முன்பெல்லாம் இந்தச் சீட்டுகளை வைக்கோல் மூட்டையில் சேர்த்து வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம், தீ அண்டாது என்று.

இனி பயிற்சிக் கணக்கு. கிளம்பும்போதே ஒரு நோட்டு கொண்டுபோயிருந்தேன், தினமும் இரவு மூன்று நன்றி எழுதுவது என்று எங்கேயோ படித்த பழக்கம். முதல் இரவு அழகாக எழுதினேன். இரண்டாம் இரவு "வானிலை, கால், சோறு". மூன்றாம் இரவும் "வானிலை, கால், சோறு". எழுதும்போதே கொட்டாவி. இது என்னைப் பொறுத்தவரை தோல்வி, மறைக்க ஒன்றுமில்லை. மனசுக்குள் நன்றியை ஊற வைத்துத் தாளில் பிழிகிற வேலை எனக்கு வராது.

இரண்டாம் தவணையில் நோட்டைத் திருப்பிப் பிடித்து மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி ஆக்கினேன். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கிறது:

வரவு: சூடான டின் காபி 1 (தபால்காரர், தானியங்கி இயந்திரத்தில் தானே காசு போட்டு எடுத்துத் தந்தார்). 200 யென் (சைக்கிளை நிறுத்திய தாத்தா, டீ குடிக்கச் சொல்லி). வழி (பள்ளிப் பிள்ளைகள் மூவர், தப்பான தெருவிலிருந்து திருப்பி விட்டார்கள்). பிளாஸ்டர் 2 (மருந்துக்கடை அம்மா).
பற்று: சீட்டு 3. தபால்காரருக்கு மறந்தேன், வண்டி போய்விட்டது.

இது பிடித்துக்கொண்டது. அந்தத் தபால்காரர் இன்னும் பாக்கியில் நிற்கிறார், அதனால்தான் அவர் முகம் நினைவிருக்கிறது. பாக்கி தீர்ந்த தாத்தாவின் முகம் மங்கிவிட்டது, அது என்ன நியாயமோ தெரியவில்லை.

சீட்டு எழுதுவதில் கற்றது: கோவிலில் நின்று எழுதாதீர்கள், காற்று பறக்கடிக்கும், அதற்குள் மாலை ஐந்து மணிக்கு யாத்திரை நோட்டில் முத்திரை போடும் அலுவலகம் மூடிவிடும். முந்தின இரவே தேதியைத் தவிர எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளலாம். முழு முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். நான் முன்பக்கம் கத்தகானா என்கிற ஜப்பானிய எழுத்தில் பெயரும் பின்பக்கம் தமிழிலும் எழுதுகிறேன். சைக்கிள் தாத்தா தமிழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு வீட்டுப் பூஜை மாடத்தில் வைக்கிறேன் என்றார்.

ஒரு சறுக்கலையும் சொல்லிவிட வேண்டும். பதினோராம் கோவிலிலிருந்து பன்னிரண்டாவதான ஷோசன்ஜிக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மலைப்பாதை. "ஹென்ரோவை உருட்டிவிடும் இடம்" என்றே அதற்குப் பெயர், ஹென்ரோ என்றால் இந்தப் பாதையில் நடக்கும் யாத்திரிகர். மூன்று ஏற்றம், நடுவில் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். எனக்கு ஏழு மணி நேரம். தரிசனம் முடித்து இறங்கும்போது தார்ச்சாலையில் ஒரு கார் நின்று, ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள் ஒரு வயதான தம்பதி. இதுவும் ஓசெத்தாய்தான், மறுக்கக் கூடாது. ஆனால் முழுக்க நடந்தே தீருவது என்று நான் சபதம் எடுத்திருந்தேன். அரைகுறை ஜப்பானியத்தில் வேண்டாம் என்று சொன்னது அவர்களுக்கு எப்படிக் கேட்டதோ. கொஞ்ச தூரம் இறங்கினால் ஜோஷின்-ஆன் என்று ஒரு சின்னச் சன்னிதி, முன்னால் எமோன் சபுரோவின் சிலை. பிச்சை கேட்டு வந்த கூகாயை விரட்டி, அவர் கிண்ணத்தை எட்டுத் துண்டாக உடைத்த பணக்காரன், எட்டுப் பிள்ளைகளையும் இழந்து, மன்னிப்புக் கேட்க அவரைத் தேடி இருபது சுற்று நடந்து, இருபத்தோராவது சுற்றை எதிர்த் திசையில் நடந்தபோது இந்த இடத்தில் விழுந்து கிடந்து, கடைசி மூச்சில் அவரைப் பார்த்தான் என்பது கதை. போகிற கோவில்களிலெல்லாம் அவன் பெயரெழுதி விட்டுப் போனதுதான் இந்தச் சீட்டின் தொடக்கம் என்கிறார்கள். அவன் கொடுக்க மறுத்தவன், நான் வாங்கத்தானே மறுத்தேன் என்று என்னையே தேற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வேகமாக நடந்தேன்.

சபதத்தைத் தளர்த்திவிட்டேன். அடுத்த முறை கார் நின்றால் ஏறுவேன், கணக்கில் எழுதுவேன், முடிந்தால் மறுநாள் அதே இடத்துக்கு வந்து நடப்பேன்.

இந்தத் தவணையில் காக்குரின்ஜி, தாய்ர்யூஜி என்று இரண்டு மலைக் கோவில்களையும் ஒரே நாளில் முடித்தேன். நகம் கறுத்தது அங்கேதான். கடைசி நாள் 23ஆம் கோவிலான யாக்குவோஜி, கடலோரம். அங்கே படிக்கட்டில் பெண்களுக்கு 33 படி, ஆண்களுக்கு 42 படி, அந்தந்த வயது கண்டம் என்பதால். ஒவ்வொரு படியிலும் ஒரு யென் காசு வைத்துக்கொண்டே ஏற வேண்டும். எனக்கு 41 முடியவில்லை, ஆனால் அவர்களின் பழைய கணக்கில், நம் ஊர் நடப்பு வயது மாதிரி, 42. என்னிடம் ஒரு யென் காசு பதினேழுதான் இருந்தது. பதினேழாம் படியில் பையைத் துழாவிக்கொண்டு நின்றபோது, பின்னால் வந்த பாட்டி தன் சுருக்குப்பையைத் திறந்து, எண்ணி இருபத்தைந்து காசு தந்தார். பணப்பைப் பக்கம் கை போகவில்லை. சீட்டைத்தான் எடுத்தேன்.

ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பதிலுக்கு என்னடா கொடுத்த?" என்றார். பேர் எழுதின சீட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நம்ம வீட்டுல மோர் குடிச்சவங்க ஒருத்தரும் நன்றின்னு சொன்னதில்ல, உன் நெத்தியில திருநீறு பூசிட்டுத்தான் போவாங்க, ஞாபகம் இருக்கா?" என்றார். இருந்தது. சாயங்காலத்துக்குள் நெற்றி சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும், கண்ணில் விழுந்து எரியும்.

சீட்டுக் கணக்கு: நூறில் கோவில்களுக்கு 46, மனிதர்களுக்கு 14, மீதி 40. அடுத்தது கோச்சி மாகாணம், 16 கோவிலுக்கு 32 போய்விடும், மனிதர்களுக்கு எட்டுதான் மிஞ்சும், ஆகவே புதுக் கட்டு வாங்க வேண்டும். 24ஆம் கோவில் முரோத்தோ முனையில், யாக்குவோஜியிலிருந்து 75 கிலோமீட்டர், நடுவில் 88இல் சேர்ந்த கோவில் ஒன்றுகூடக் கிடையாது. கோலின் அடி துடைப்பம் மாதிரி பிரிந்திருக்கிறது. அதைக் கத்தியால் சீவக் கூடாதாம், கல்லில் தேய்க்க வேண்டும், இன்று காலை பால்கனித் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தேன், கீழ்வீட்டுக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.